பத்து ரூபாய் விண்ணப்பம், அறுபது ரூபாய் சான்று

தமிழ்நாட்டில் ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க 10 ரூபாய். தேர்வுக் கட்டணம் 5, சேவைக் கட்டணம் 5. விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அதாவது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையா என்று பார்க்க ஆகும் செலவு பத்து. ஏழைப் பிள்ளைதானா என்று பார்க்க ஆகும் செலவு அறுபது. மையத்துக்குப் போய்வரும் பேருந்துக் காசு தனி. அம்மா போனால் டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது, அப்பா போனால் உண்டு. யார் போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும்.

தேர்வில் வென்றால் ஆண்டுக்கு 1,000 ரூபாய். ஒன்பதில் தொடங்கி பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் 4,000. மாதக் கணக்கில் 83 ரூபாய் 33 காசு. நாள் கணக்கில் 2 ரூபாய் 74 காசு.

பள்ளிகள் திறமையான பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்ற கேள்விக்கு உளவியல் புத்தகங்களில் பல பதில்கள் உண்டு. இங்கே அரசுப் பள்ளியில் அதற்கான நடைமுறைப் பதில், ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் மூன்று நான்கு திறனாய்வுத் தேர்வுகள்தான். அவற்றின் வரவு, செலவு, இடங்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், யார் வெல்கிறார்கள் என்பதைவிட யார் விண்ணப்பிக்கிறார்கள் என்ற பத்தியில்தான் பெரிய எண்கள் ஒளிந்திருக்கின்றன.

ஊரகத் தேர்விலிருந்தே தொடங்கலாம். 1991-இன் அரசாணை வழியே வந்தது. வருவாய் மாவட்டம் ஒன்றுக்கு 100 பேர்: மாணவர் 50, மாணவியர் 50. ஒரு மாவட்டத்தில் நான்கு வகுப்புகளிலும் சேர்த்து ஒரே நேரத்தில் 400 பேர் உதவித்தொகை வாங்கலாம்; ஆண்டுக்கு 4 லட்சம். மாநிலத்தில் 38 மாவட்டங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் இடமில்லை என்பதால் சென்னையைக் கழித்தால் 37. எல்லா இடமும் நிரம்பினாலும் ஆண்டுச் செலவு 1 கோடியே 48 லட்சத்தைத் தாண்டாது.

நூறு என்ற எண் மாவட்டத்தின் அளவைப் பார்ப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர், சேலத்தில் 34.82 லட்சம் பேர். மக்கள் ஆறு மடங்கு. இடம் இரண்டுக்கும் அதே நூறு. பழைய விழுப்புரம் மாவட்டத்தில் 34.59 லட்சம் பேருக்கு 100 இடம் இருந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. விதிப்படி பார்த்தால் அன்றே அந்த நிலப்பரப்பில் திறமைசாலிகளின் எண்ணிக்கை 200 ஆகிவிட்டது. பிள்ளைகளில் ஒருவரும் மாறவில்லை. ஆட்சியர் அலுவலகம் ஒன்று கூடியது, அவ்வளவே. எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஒரு பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்ந்தால், அங்குள்ள பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அத்தனை பேரும் ஒரே நாளில் ஊரகத் திறமையை இழந்துவிடுவார்கள். தெருவில் தார் போட்டிருக்கிறதா என்றுகூட யாரும் கேட்பதில்லை.

வருமான வரம்பு இன்னும் வேடிக்கை. ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-க்கு வகுக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலிக்கு ஒருவர் 298 நாள் வேலை பார்த்தால் வரம்பு தாண்டிவிடும். கணவனும் மனைவியும் உழைத்தால் ஆளுக்கு 149 நாள் போதும். ஆகவே சான்றில் எழுதப்படும் தொகை வீட்டின் உண்மையான வருமானம்தானா என்பது வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் தெரிந்த விஷயம். அந்தச் சான்றைத் தேர்வுக்கு முன்னால் எல்லாரிடமும் கேட்காமல், பின்னால் வென்றவர்களிடம் மட்டும் கேட்டால் என்ன? ஒரு மாவட்டத்தில் ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், இப்போதைய முறையில் பெற்றோர் கையிலிருந்து 60,000 ரூபாய் போகிறது. வென்ற நூறு பேரிடம் மட்டும் கேட்டால் 6,000. மீதி 54,000 ரூபாய், தோற்கப்போகிற 900 பிள்ளைகளின் வீடுகள் தங்கள் ஏழ்மையை நிரூபிக்கக் கட்டுகிற பணம்.

அடுத்தது என்.எம்.எம்.எஸ். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம் என்ற முழுப்பெயரைச் சொல்லும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. 2008-இல் மத்திய அரசு தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1 லட்சம் புதிய உதவித்தொகைகள். உத்தரப் பிரதேசத்துக்கு 15,143, மகாராஷ்டிரத்துக்கு 11,682, தமிழ்நாட்டுக்கு 6,695, கேரளத்துக்கு 3,473. முதலில் மாதம் 500 ரூபாயாக இருந்தது. 2017 ஏப்ரல் முதல் 1,000. நான்கு ஆண்டுக்கு 48,000. ஊரகத் தேர்வு தருவதைப்போல் 12 மடங்கு. தமிழ்நாட்டுப் பங்கில் ஓர் ஆண்டு தேறுபவர்களுக்கு மட்டும் 32 கோடியே 13 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய், எல்லாம் மத்திய அரசின் பணம். எழுதுவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். அரசு, உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளியில் படிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு வாங்கியிருக்க வேண்டும். பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 2 லட்சம் சம்பாதிக்கும் ஒரு வீட்டின் பெண் எட்டாம் வகுப்பில் ஏழை; ஒன்பதாம் வகுப்புக்குப் போய் ஊரகத் தேர்வு விண்ணப்பத்தைத் தொட்டால் ஏழை இல்லை.

தேர்வின் உள்ளே நுழைந்தால் கணக்கு சுவாரசியமாகிறது. மனத்திறன் தாளில் 90 கேள்விகள், 90 நிமிடம். படிப்பறிவுத் தாளில் 90 கேள்விகள், 90 நிமிடம். அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. கேள்விக்கு ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடத்துக்குள் ஓ.எம்.ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்கும் வேலையும் அடக்கம். தகுதி பெறக் குறைந்தது 40 விழுக்காடு, அதாவது 180-க்கு 72. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 32 விழுக்காடு, 58. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். கேள்வித்தாளைத் திறக்காமலே கண்ணை மூடிக்கொண்டு வட்டங்களை நிரப்பும் பிள்ளைக்குச் சராசரியாக 45 விழும். ஆக, தற்செயலுக்கும் தகுதிக்கும் நடுவே இருப்பது 27 கேள்விகள். தகுதி பெற்றவர்களுக்குள் தரவரிசைப் போட்டி வேறு, அது உண்மை. ஆனாலும் அந்த 27-ஐ எதைக்கொண்டு நிரப்புகிறார்கள்?

மனத்திறன் தாளில் வருவது எண் தொடர், எழுத்துத் தொடர், கண்ணாடிப் பிம்பம், பகடை, வெண்படம். இவை எதுவும் ஏழாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் ஒரு பாடமாக இருப்பதில்லை. பகடையின் எதிர்ப்பக்கம் எது என்ற கேள்வியை முதன்முதலாகத் தேர்வு அறையில் பார்க்கும் பிள்ளைக்கு அது மூளைக்கு வேலை. ஐம்பது தடவை பார்த்தவருக்கு அது வாய்ப்பாடு. ஒரே கேள்வி இருவரில் இரண்டு வேறு பொருள்களை அளக்கிறது. சாயங்காலம் நான்கரை மணிக்கு மேல் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழக்கும் ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஆண்டுதோறும் ஏழெட்டுப் பேர் தேறுகிறார்கள். அவர் மாற்றலாகிப் போன மறு ஆண்டு ஒருவரும் இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே கோடையில் புத்தி மங்கிவிட்டதா? அந்த ஆசிரியரின் மாலை நேரத்துக்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. நகலெடுக்கும் செலவையாவது எழுதலாம். ஒரு வினாத்தாள் 20 பக்கம், பக்கத்துக்கு 1 ரூபாய், பதினைந்து பிள்ளைகள், பத்து மாதிரித் தேர்வுகள் என்று வைத்தால் 3,000 ரூபாய். பெரும்பாலும் அவருடைய பையிலிருந்துதான்.

விண்ணப்பிப்பவர் யார் என்பது இதற்கும் முந்திய கேள்வி. என்.எம்.எம்.எஸ் விண்ணப்பத்துக்கு 50 ரூபாய், பதிவேற்றுவது பள்ளி. அங்கேதான் முதல் சல்லடை. “நல்லாப் படிக்கிற பத்துப் பேரைப் போடுங்க டீச்சர், எல்லாரையும் போட்டு என்ன பண்ண” என்று தலைமையாசிரியர் சொல்லும் பள்ளியும் உண்டு. தகுதியுள்ள எல்லாரையும் எழுத வைக்கும் பள்ளியும் உண்டு. முதல் வகைப் பள்ளியில் பதினோராவது பிள்ளையின் திறமையை எந்தத் தேர்வும் பார்க்கப்போவதில்லை. அவர் தோற்றார் என்று எந்தப் பட்டியலிலும் வராது, வென்றார் என்றும் வராது.

இந்தப் பதினோராவது பிள்ளையை எண்ணிப் பார்த்த ஓர் ஊர் உண்டு. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் புரோவார்ட் கவுண்டி. அங்கே மேதைமை வகுப்புக்குப் போக நுண்ணறிவு ஈவு 130 வேண்டும். இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்கும், ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் பிள்ளைகளுக்கும் 116 போதும். ஏழைகளுக்குச் சலுகை ஏற்கெனவே இருந்தது. ஆனால் உளவியலாளர் நடத்தும் அந்தச் சோதனைக்கு யாரை அனுப்புவது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் முடிவு செய்தார்கள். 2005-இல் முறை மாறியது. இரண்டாம் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சொற்கள் இல்லாத, படங்களால் ஆன ஒரு சிறு தேர்வு. அதில் மேலே வந்தவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை. வரம்பை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் விளைவைக் கணக்கிட்டார்கள். வசதியற்ற பிள்ளைகளில் மேதைமைப் பட்டியலுக்கு வந்தவர் விகிதம் 180 விழுக்காடு கூடியது. ஹிஸ்பானியப் பிள்ளைகளில் 130, கறுப்பினப் பிள்ளைகளில் 80. கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது வேறு ஆய்வுகளுக்காக, ஆனால் எனக்கு அவர் இந்தக் கணக்குக்காகவே நினைவில் நிற்கிறார்.

அடித்தளம் சிறியது என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இருந்த இடத்தில் 180 விழுக்காடு கூடினால் வருவது நான்கைந்துதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் அதே பள்ளியில், அதே பெஞ்சில், அதே 116-ஐத் தாண்டும் தலையோடு முந்தைய ஆண்டும் உட்கார்ந்திருந்தார்கள். கேட்பாரில்லை. பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது, பட்ஜெட் வெட்டில் எல்லாருக்குமான சோதனை 2010-இல் நிறுத்தப்பட்டது. இனவாரி இடைவெளி பழையபடி திரும்பிவிட்டது.

ஆசிரியரின் கண்ணை நம்பலாமா என்பது நூறாண்டுப் பழைய வழக்கு. 1921-இல் கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் மேதைப் பிள்ளைகளைத் தேடியபோது, ஒவ்வொரு வகுப்பிலும் மிகுந்த புத்திசாலிகளோடு வயதில் மிக இளையவரின் பெயரையும் ஆசிரியர்களிடம் கேட்டார். ஆசிரியர் முதலிடம் தந்த பிள்ளையைவிட வயதில் இளைய பிள்ளையே நுண்ணறிவுச் சோதனையில் அதிக முறை தேறினார். கடைசியில் 1,528 பேர் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். சோதிக்கப்பட்டு வரம்பை எட்டாமல் வெளியே நின்றவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரஸ் என்று இருவர். முன்னவருக்கு 1956-லும் பின்னவருக்கு 1968-லும் இயற்பியல் நோபல். உள்ளே இருந்த 1,528 பேரில் ஒருவருக்கும் நோபல் இல்லை.

எந்த வயதில் தேடுவது? சிங்கப்பூர் 1984 முதல் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில், ஒன்பது வயதில், இரண்டு கட்டத் தேர்வு வைத்து உச்சி 1 விழுக்காட்டைப் பிரித்தெடுத்து ஒன்பது பள்ளிகளில் வைத்திருந்தது. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் அந்த முறையை மாற்றுவதாக அறிவித்தார். இனி ஒரே கட்டத் தேர்வு, பிள்ளை தன் பள்ளியிலேயே இருக்கலாம், மேம்பட்ட பயிற்சி பெறுவோர் ஏறக்குறைய 7 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாவார்கள். நம்முடைய தேசியத் திறன் தேடல் தேர்வு 1963-இல் டெல்லியில் 10 உதவித்தொகையோடு பிறந்தது. மறு ஆண்டு நாடு முழுவதற்கும் 350. 1983-இல் 750, 2000-இல் 1,000, 2019-இல் 2,000. 2006-இல் பத்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு இறக்கினார்கள். சில ஆண்டுகளில் மறுபடி பத்துக்கே ஏற்றினார்கள். 2021 மார்ச்சோடு அனுமதி முடிந்தது, தேர்வு நின்றுபோனது. ஐம்பத்தெட்டு ஆண்டு ஏறிய எண் அப்படியே பூஜ்யம். நகரத்துப் பயிற்சி மையங்களைத் தவிர அழுதவர்கள் அதிகம் இல்லை.

தமிழ்நாட்டின் புதிய தேர்வுகள் இரண்டும் இன்னும் மேல் வகுப்புகளில் தேடுகின்றன. தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு 2022-இல் வந்தது: 1,500 பேர், மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு, பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு 2023-இல்: அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேர், ஆண்டுக்கு 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடியும்வரை. பதினொன்று, பன்னிரண்டோடு மூன்று ஆண்டுப் பட்டம் என்றால் மொத்தம் 50,000. இந்த ஏட்டிலேயே பெரிய தொகை. முதல் பட்டம்வரை தொடர்ந்து வருவது இதில் எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் பதினொன்றாம் வகுப்புவரை படித்து வந்துவிட்டவர்களுக்கே அது. ஒன்பதில் நின்றுபோனவர் இந்தக் கணக்கில் இல்லை.

பணம் கைக்கு வரும் வழியும் ஒரு தேர்வுதான். என்.எம்.எம்.எஸ்-இல் வென்ற பிள்ளை எட்டாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 எடுத்தால்தான் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பணம்; 59 எடுத்தால் மீதி 24,000 போயிற்று. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இந்த இரண்டிலும் 5 விழுக்காடு தளர்வு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பள்ளி அளவில் ஒரு சரிபார்ப்பு, மாவட்ட அளவில் ஒன்று. பிள்ளை எழுதியது ஒரு நாள் தேர்வு. தலைமையாசிரியருக்கும் கணினிக்கும் நடக்கும் தேர்வு நான்கு ஆண்டும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, பணமும் வந்தது. பாடம்? வென்ற பிள்ளை அதே வகுப்பில், அதே பாடநூலோடு, அதே வேகத்தில்தான் படிக்கிறார். மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளி என்று உண்டுஉறைவிட ஏற்பாடு இருக்கிறது, அது தனிக் கதை. உதவித்தொகைத் தேர்வுகள் தருவது உதவித்தொகை மட்டுமே. புரோவார்டில் ஒரு பள்ளியில் ஒரே ஒரு மேதைமைப் பிள்ளை இருந்தாலும் நான்காம், ஐந்தாம் வகுப்பில் தனி வகுப்பறை திறக்க வேண்டும் என்பது விதி. மீதி நாற்காலிகளை முந்தைய ஆண்டுத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்த மற்றப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்பினார்கள். கார்டும் ஜூலியானோவும் இதையும் அளந்தார்கள். நுண்ணறிவு வரம்பைத் தாண்டி வந்தவர்களின் வாசிப்பு, கணித மதிப்பெண்கள் அந்த வகுப்பால் கூடவில்லை. காலி நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர்களின் மதிப்பெண்கள் நன்றாகக் கூடின. அவர்களிலும் ஏழை, கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளுக்கே பெரும்பயன். சோதனை வைத்துத் தேடிய பிள்ளைகளைவிட, இடம் காலியாக இருந்ததால் உள்ளே வந்த பிள்ளைகளுக்குத்தான் அந்த வகுப்பு தேவைப்பட்டிருக்கிறது. வரம்புக்கோட்டை எங்கே போடுவது என்று குழுவாக உட்கார்ந்து விவாதிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பத்தி இது.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முழுவதையும் எழுத வைக்க என்ன ஆகும்? பெயர், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பட்டியலையே விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளலாம், தகுதியைச் சோதிப்பது முடிவுக்குப் பிறகு. கட்டணத்தை அரசே ஏற்றால் 50 ரூபாய் வீதம் 1 லட்சம் பிள்ளைகளுக்கு 50 லட்சம் ரூபாய். அது என்.எம்.எம்.எஸ் உதவித்தொகையில் 104 பேருக்கு ஆகும் தொகை. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 6,695 இடங்களில் ஒன்றும் அதற்காகக் குறையப்போவதில்லை. அந்தப் பணம் டெல்லியிலிருந்து வருகிறது. மாநிலத்தின் செலவு விடைத்தாள், வினாத்தாள், தேர்வு அறைக் கண்காணிப்பு. மூன்றும் இப்போதும் இருப்பவைதான், அளவு மட்டும் கூடும்.